கலங்கல்

பத்திரத்தில் அணை என்ற சொல்லே கிடையாது.
'தெற்கே ஓடை, ஓடைக்குக் குறுக்கே கட்டுமானம் ஒன்று'
என்று எழுதியிருந்தார் ஒடுகத்தூர் பத்திர எழுத்தர்.
மாமரம் முப்பத்தெட்டு என எண்ணி எழுதியவர்
தண்ணீரை எண்ணவில்லை.

பேர்ணாம்பட்டு தோல் ஷாப்பு குல்ஜார் சாயபு
அறுபத்து மூன்றில் கட்டியது.
நானும் தம்பி தணிகைவேலும் கடனுக்கு வாங்கியது.
கீழே மூன்று தெருவுக்குக் குழாய்,
வீட்டுக்கு மாதம் நூற்றைம்பது.
பொதுப்பணித்துறை ஆபீசில் கேட்டேன்.
"தனியாருது மேடம். ஒடைஞ்சா உங்க பேரு."

வேலூர் ஆஸ்பத்திரி லேபில் வேலை எனக்கு.
நாள் முழுக்கப் பிறர் சிறுநீரை
வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறவள்.
அதனால் இது ஒன்று சீக்கிரம் புரிந்தது:
கரையடியில் கசிவது குற்றமில்லை,
மண் என்றால் வேர்க்கும்.
தெளிவாக வந்தால் தண்ணீர் வருகிறது.
கலங்கி வந்தால்
கரை வருகிறது.

ஞாயிறுதோறும் முதல் பஸ்.
லேபில் கழித்துக்கட்டிய கண்ணாடி பாட்டிலில்
கசிவைப் பிடித்து லேபிள் ஒட்டுவேன்.
பெயர்: கரை. வயது: அறுபது சொச்சம்.
ஆணா பெண்ணா என்ற இடத்தில் ஒரு கோடு.

முள்ளம்பன்றி தோண்டிய பொந்தில்
என் கை தோள்வரைக்கும் போனது.
களிமண் திணித்துக் கடப்பாரைக் காம்பால் இடித்தோம்.
கரைமேல் யாரோ நிழலுக்கு வைத்த புங்கமரம்
விட்டால் புயலில் சாய்ந்து கரையைப் பெயர்க்கும்,
வெட்டினால் வேர் மக்கி உள்ளே குழாய் போடும்.
கிளையை மட்டும் கழித்துவிட்டு
இரண்டு பயத்தையும் அப்படியே வைத்திருக்கிறேன்.

மதகுத் திருகுக்கு மூன்று வாரம் மண்ணெண்ணெய், கிரீஸ்.
நாலாம் வாரம் கால் சுற்று அசைந்தது.
"தெறந்துட்டோம் சரி, மூட வருமாக்கா?"
என்றான் தணிகை.
அதுவரை நாங்கள் இருவரும் யோசிக்காத கேள்வி.

மதகறைச் சுவரில் கரியால் எழுதினேன்
அறுபத்தொரு போன் நம்பர்.
நடக்க முடியாதவர்கள் வீடு முதலில்.

ஐப்பசி கடைசியில், ராத்திரி பதினொன்றரை.
மீன் குத்தகைக்காரன் தீர்த்தகிரி
கோடியில் வலை கட்டி வைத்திருந்தான்.
வலையில் இலை, இலைமேல் இலை,
ஒரு ரப்பர் செருப்பு, ஒரு தீவனச் சாக்கு.
கோடி போக வேண்டிய தண்ணீர்
கரை விளிம்பில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.
ஒரு முழம் இருந்தது.
டார்ச்சுக்கு பேட்டரி மாற்றுவதற்குள் ஒரு சாண்.
தணிகை முதல் நம்பரை அழுத்தினான்.
எடுக்கவில்லை.

இடுப்பளவு நீரில் இறங்கி
கொடுவாளால் வலையை அறுத்தேன்.
கட்லா போனது, ரோகு போனது,
எட்டு மாதம் புண்ணாக்கு தின்றது எல்லாம்
வெளிச்சத்தில் ஒருமுறை மினுங்கிவிட்டுப் போனது.
பாறைமேல் குந்தி தீர்த்தகிரி சொன்னான்:
"எம் பொண்ணு ஹாஸ்டல் ஃபீஸு போவுதுக்கா."
கீழே முதல் தெருவில் நாலாவது வீடு அவனுடையது.
அதை அவனும் சொல்லவில்லை,
நானும்.

விடிந்ததும் கோடி பார்க்க ஊரே வந்தது.
செவ்வந்தி தூவினார்கள். கற்பூரம் காட்டினார்கள்.
"இவ்ளோ தண்ணி கெடக்கு, எதுக்கு நூத்தம்பது?"
என்றார் ஏழு மாத பாக்கிக்காரர்.

நான் கீழே இறங்கி பாட்டில் பிடித்தேன்.
தெளிவு.
தெளிவு என்றுதான் பட்டது.
ஆனால் தூங்காத கண்ணை நம்பக் கூடாது,
லேபில் நாங்கள் நம்புவதில்லை.
மதகுச் சுவர்மேல் நிறுத்தினேன்.
ஒரு மணி நேரம் அசையாமல் இருந்தால்
அடியில் படிவது படியும்,
படியாவிட்டால் தோசை சாப்பிடலாம்.

கற்பூரக் கையோடு ஒரு சின்னப் பெண்
பாட்டிலைத் தொட வந்தாள்.
"இன்னாது இது, மூத்திரமா?"

"ஆமா," என்றேன்.
"கரையோடது. கை வெக்காத."